முதுகில் போடும் ஊசி: ஒருவருக்கு நின்ற வலி இன்னொருவருக்கு ஏன் நிற்பதில்லை?

முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்ட நான்கு பேரை ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் வாக்குவாதம்தான் நடக்கும். ஒருவர், மறுவாரமே மாடிப்படி ஏறினேன் என்பார். இன்னொருவர், பணம் கரைந்ததுதான் மிச்சம் என்பார். மூன்றாமவருக்கு இரண்டு மூன்று மாதம் சுகமாக இருந்துவிட்டுப் பழையபடி ஆகியிருக்கும். நான்காமவர் அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார். நால்வருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்கள் போட்டுக்கொண்டது ஒரே ஊசி அல்ல. அவர்களுக்கு இருந்ததும் ஒரே வலி அல்ல. நாளை நமக்கு டாக்டர் ஊசியைப் பரிந்துரைக்கும்போது அக்கம்பக்கத்தார் அனுபவம் பயன்பட வேண்டுமானால், எந்த வலி, எந்த ஊசி என்று பிரித்துக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சிசேரியன் ஊசி வேறு

நம் வீடுகளில் முதுகு ஊசி என்றதும் நினைவுக்கு வருவது பிரசவ அறுவை சிகிச்சைக்குப் போடும் ஊசி. “அந்த ஊசி போட்ட நாளிலிருந்தே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று” என்று மருமகளிடம் சொல்லாத மாமியார் குறைவு. அந்த நினைவை வைத்துக்கொண்டு, நரம்பு வலிக்கு ஊசி என்று டாக்டர் சொன்னதும் பயந்து எழுந்து வந்துவிடுகிறவர்களும் உண்டு.

தண்டுவடமும் அதிலிருந்து கிளம்பும் நரம்புகளும் ஒரு நீர்ப்பைக்குள் இருக்கின்றன. அந்தப் பையின் உறைக்கு ட்யூரா என்று பெயர். சிசேரியனின்போது வழக்கமாக மிக மெல்லிய ஊசியால் அந்த உறையைத் துளைத்து, உள்ளே இருக்கும் நீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலக்கிறார்கள். அதனால்தான் சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மொத்தமாக மரத்துப்போகிறது. வலிக்காகப் போடும் எபிடூரல் ஊசி அந்த உறையைத் தொடுவதில்லை. உறைக்கு வெளியே, கொழுப்பும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நிறைந்த ஓர் இடுக்கு உண்டு; மருந்து அங்கே இறங்குகிறது. நரம்பின் வேர் முதுகெலும்பை விட்டு வெளியேறும் வழியும் அதுதான்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஊசியைக் குற்றம் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஊசி போட்ட தாய்மாரையும் போடாத தாய்மாரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. குத்திய இடம் சில நாட்கள் வலிக்கலாம், அவ்வளவே. வயிற்றுத் தசைகள் தளர்ந்துபோனது, குனிந்தபடியே பால் கொடுப்பது, ஒக்கலில் குழந்தையைத் தூக்கித் திரிவது, தூக்கமின்மை ஆகியவற்றைக் கேட்டால் அந்த இடுப்பு வலிக்கு வேறு காரணங்கள் கிடைத்துவிடும்.

இன்னொரு பயம், ஊசி தண்டுவடத்தில் குத்திக் கால் விளங்காமல் போய்விடுமோ என்பது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்பு வரிசையின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே போவது நரம்பு இழைகளின் கொத்துதான். இடுப்பில் பெரும்பாலான ஊசிகள் போடப்படுவது நான்காம், ஐந்தாம் எலும்புகளின் பக்கம். கழுத்தில் போடும் ஊசியின் கதை வேறு; அதற்குப் பிறகு வருகிறேன்.

வலிப்பது எது?

முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தையை நம் ஊரில் டிஸ்க் என்பார்கள், ஜவ்வு என்றும் சொல்வார்கள். அதன் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரு நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே உறுதியான சுற்று, உள்ளே குழகுழவென்ற சதை. வெளிச்சுற்றில் கீறல் விழுந்தால் உள்ளே இருப்பது பிதுங்குகிறது. ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று சொல்கிறோமே, உண்மையில் அது இடம்பெயர்வதில்லை. பிதுங்குகிறது, சில சமயம் கிழிந்து வழிகிறது. பெரும்பாலும் இது நடப்பது எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதப்படும் கடைசி இரண்டு மட்டங்களில் (எல் என்பது இடுப்பெலும்பு வரிசை, எஸ் என்பது அதற்கு அடியில் உள்ள எலும்பு).

இந்தப் பிதுக்கம்தான் காலில் இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் எழுதிக் காட்டினார்கள். அதன்பின் பல காலம், நரம்பை டிஸ்க் நசுக்குகிறது, அதனால் வலிக்கிறது என்பதே விளக்கமாக இருந்தது. அது பாதி உண்மை. உள்ளே இருக்கும் அந்தக் குழகுழப்பான பொருளில் அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை நரம்பு வேரின் மீது பட்டதும் அது வீங்கிச் சிவந்து கொதிக்கிறது. அப்படிக் கொதிக்கும் நரம்பைத்தான் சிறிய அழுத்தமும் படாத பாடு படுத்துகிறது. எந்த நோவும் இல்லாத நரம்பை லேசாக அழுத்தினால் மரத்துப்போகுமே தவிர, சுரீரென்று வலிப்பது குறைவு.

ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு என்ற மருந்து வேலை செய்வது முக்கியமாக இந்த அழற்சியின் மீதுதான். பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது, கிழிந்த சுற்றைத் தைக்காது, தேய்ந்ததை வளர்க்காது. எனவே அழற்சி தூக்கலாக இருக்கும் வலிக்கு ஊசி கேட்கும். இல்லாத வலிக்குக் கேட்காது. திண்ணைச் சண்டையில் பாதி இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் நம் வலி எந்த வகை? நரம்பு வலிக்கு ஒரு பாதை இருக்கும். எல்5 நரம்பு என்றால் புட்டத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே போய், புறங்கால் வழியாகக் கட்டைவிரலில் முடியும். எஸ்1 என்றால் தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் பக்கம். நோயாளிகள் இதை “மின்சாரம் பாய்வது போல”, “யாரோ நரம்பைப் பிடித்து இழுப்பது போல” என்று விரலால் கோடு போட்டே காட்டுவார்கள். தும்மினால், முக்கினால் கூடும். முதுகைவிடக் காலில்தான் வேதனை அதிகம் இருக்கும். இதுதான் சயாட்டிகா. இதற்கு மாறாக, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை போட்டதுபோல மந்தமாக, உட்கார்ந்து எழுந்தால் பிடிப்பாக, காலுக்கு இறங்காமல் இருப்பது சாதாரண முதுகுவலி. எபிடூரல் ஊசி உருவானது முதல் வகைக்கு. இரண்டாம் வகைக்கு அதைப் போட்டுக்கொண்டு ஏமாந்தவர்கள் பலர்.

ஸ்கேன் அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் இதே ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடும். எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இருபது வயதுக்காரர்களிலேயே 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. எண்பது வயதில் அது 84 விழுக்காடு. முடி நரைப்பது போன்ற ஒன்றை நோய் என்று எழுதிக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது! அறிக்கையில் உள்ள மட்டமும் காலில் வலிக்கும் பாதையும் ஒத்துப்போகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஊசிக் குழாயில் இரண்டு மருந்துகள்

எபிடூரல் இடுக்கில் மருந்து செலுத்தும் முறையை 1901-இல் பாரிஸில் சிக்கார், கத்தலான் என்ற இருவர் தனித்தனியே, சில வாரங்கள் இடைவெளியில் அறிவித்தார்கள். அப்போது கையில் இருந்த மருந்து கோகைன். முதுகெலும்பின் அடிமுனையில், வால் எலும்புக்குச் சற்று மேலே உள்ள துளை வழியாகச் செலுத்தினார்கள். 1940-களின் இறுதியில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்க வைத்ததை உலகம் பார்த்தது. அதைத் தொடர்ந்து 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியிலும் பிரான்சிலும் இதே இடுக்கில் ஸ்டீராய்டைச் செலுத்திப் பார்த்தார்கள். இன்று நடப்பதும் அடிப்படையில் அதுதான். வழிகள் மூன்று: எலும்புகளின் பின்பக்க இடைவெளி வழியாக நேர் நடுவில், நரம்பு வெளியேறும் பக்கவாட்டுத் துளை வழியாக அந்த ஒரு நரம்பைக் குறிவைத்து, அல்லது பழைய முறைப்படி வால் எலும்புப் பக்கத்திலிருந்து. எல்லாமே எபிடூரல்தான். ஆனால் மருந்து போய்ச் சேரும் இடம் மாறுவதால் பலனும் மாறலாம்.

வழக்கமாக ஊசிக் குழாயில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று லிக்னோகைன், பூபிவாகைன் போன்ற மரத்துப்போகும் மருந்து. அது சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மற்றொன்று ஸ்டீராய்டு: ட்ரையாம்சினலோன், மெத்தில் ப்ரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவற்றில் ஒன்று. அது வேலையைக் காட்ட இரண்டு மூன்று நாட்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரமும் தாண்டும். இந்த இரண்டு மருந்துகளுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் நோயாளிகளை அதிகம் கலங்கடிக்கிறது.

அன்றைய நாள்

பெரும்பாலும் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சிகிச்சை இது. மேசையில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைப்பார்கள். முதுகின் வளைவு நிமிர்ந்து எலும்புகளின் இடைவெளி விரிவதற்காக. முதுகில் பெட்டாடின் தடவும்போது சில்லென்று இருக்கும். அதன்மேல் ஓட்டை வைத்த பச்சைத் துணி. மேசையைச் சுற்றி வளைந்து நிற்கும் எக்ஸ்ரே கருவியின் பெயர் சி-ஆர்ம். அது அவ்வப்போது ‘பீப்’ என்று ஒலிக்கும், பக்கத்துத் திரையில் உங்கள் இடுப்பெலும்புகள் கறுப்பு வெள்ளையில் தெரியும். குப்புறப் படுத்திருப்பதால் உங்களுக்கு அது தெரியாது, காதில் விழுவது “கொஞ்சம் மேலே... போதும்... படம்” என்கிற குரல்கள் மட்டுமே.

முதலில் தோலை மரத்துப்போகச் செய்யும் சிறு ஊசி. அன்றைய நாளில் நன்றாக எரிகிற ஊசி அதுதான், அதுவும் ஐந்தாறு நொடிகளுக்கு. பிறகு உள்ளே போகும் நீண்ட ஊசியை வலி என்பதைவிட ஒரு பெரிய அழுத்தமாகவே பெரும்பாலோர் உணர்கிறார்கள். இடம் சேர்ந்ததும் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் சில துளிகள் செலுத்தி, அது நரம்பை ஒட்டிப் பரவுகிறதா, ரத்தக் குழாய்க்குள் ஓடிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். சாயம் சரியாகப் பரவிய பிறகே மருந்து.

மருந்து இறங்கும்போது நடக்கும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைக்காத டாக்டர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. வீங்கிய நரம்பைச் சுற்றி நீர் ஏறும்போது, தினமும் வலிக்கும் அதே பாதையில், அதே வலி சில நொடிகள் ஓங்கி அடிக்கும். தெரியாதவர்கள் நரம்பில் குத்திவிட்டார்கள் என்று அலறிவிடுகிறார்கள்.

“ஐயா, இப்போது எங்கே இழுக்கிறது?”

“பெருவிரல் வரை டாக்டர்... எப்போதும் வருகிற அதே இடம்தான்.”

“நல்லது. மெதுவாகத்தான் போடுகிறேன், அசையாமல் இருங்கள்.”

அந்த “நல்லது” பொருளுள்ள வார்த்தை. வலி அதே பாதையில் கிளம்பினால், மருந்து உரிய நரம்பைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் சுள்ளென்று புதிய இடத்தில் மின்னல்போல வலி அடித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். ஊசியைச் சற்று விலக்குவார்கள். முழு மயக்கம் கொடுக்காமல் பேசிக்கொண்டே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். படுத்து எழுவது வரை மொத்தம் கால் மணி முதல் அரை மணி நேரம். எழுந்ததும் கால் மதமதவென்று துவளலாம். அதனால் சற்று நேரம் படுக்க வைத்துப் பிறகே நடக்க விடுவார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வருவது நல்லது.

மூன்றாம் நாள் குழப்பம்

அன்று மாலை பலருக்கு வலியே இருக்காது. “பத்து வருடம் இளமையானது போல இருக்கிறது” என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வார்கள். இது மரத்துப்போகும் மருந்தின் வேலை. இரவோ மறுநாள் காலையோ அது ஓய்ந்ததும் வலி திரும்பும். ஊசி குத்திய நோவும் சேர்ந்து, சிலருக்கு முன்பைவிடக் கூடுதலாகவே தெரியும். ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. இரண்டாம், மூன்றாம் நாளில் “எல்லாம் வீண்” என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தப் பள்ளத்தில் நிற்பவர்கள். ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் காலில் இழுப்பு தளர்ந்து, கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார முடிகிறது, இரவில் புரண்டு படுக்க முடிகிறது என்று சின்னச் சின்ன மாற்றமாகத்தான் பலன் தொடங்கும். இரண்டு வாரம் கழிந்த பிறகு தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

முதல் சில மணி நேரத்தில் கிடைத்த சுகத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்தபோது உங்கள் வலி முழுதாக நின்றிருந்தால், குற்றவாளி அந்த நரம்புதான் என்பதற்கு அது ஒரு துப்பு. துளியும் குறையவில்லை என்றால் வலி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஆகவே ஊசி போட்ட நாளில் மணிக்கு ஒரு முறை, வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த சந்திப்பில் “கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்” என்பதைவிட அது நூறு மடங்கு உதவும்.

பலன் எவ்வளவு நாள்? கேட்டவர்களுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். டிஸ்க் பிதுங்கி வந்த சயாட்டிகா பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே தணிகிறது. வழிந்து வெளியே வந்த துண்டை உடலின் துப்புரவுச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. வியப்பான செய்தி, பெரிதாக வழிந்த துண்டுகளே அதிகம் சுருங்குகின்றன. ஊசி செய்வது, அந்தச் சில வாரங்களை மனிதர் தூங்கி, நடந்து, பிசியோதெரபி பயிற்சி செய்து கடக்க உதவுவது. வலி நின்றதும் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பழைய நாற்காலியில் பழைய கோலத்தில் போய் உட்கார்ந்தவர் மூன்றாம் மாதம் “ஊசி தீர்ந்துபோயிற்று” என்பார். ஊசி போட்டிருக்காவிட்டாலும் தணிந்திருக்கக்கூடிய வலி, ஊசி போட்டதால் போனது என்று சத்தியம் செய்பவரும் நம்மிடையே இருப்பார். இருவரின் சாட்சியையும் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

ஆய்வுகள் இந்த விஷயத்தில் உற்சாகமாகப் பேசுவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 25 ஆய்வுகளை, 2,470 பேரை எடுத்துப் பார்த்தது. சயாட்டிகாவுக்கு ஸ்டீராய்டு எபிடூரல் போட்டவர்களுக்கு, போலி ஊசி போட்டவர்களைவிடக் கால் வலி குறுகிய காலத்தில் குறைந்தது உண்மைதான். ஆனால் சராசரி வேறுபாடு நூறு புள்ளி அளவுகோலில் சுமார் 5 புள்ளிகள்தான். சராசரி என்பது நன்றாகக் கேட்டவரையும் கேட்காதவரையும் சேர்த்து வகுத்த கணக்கு. ஆனாலும், இது அற்புத ஊசி என்று விற்பவர்களின் வாயை அடைக்க அந்த எண் போதும்.

இன்னொரு பக்கம், 2021-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு டிஸ்க் பிதுக்கத்தால் சயாட்டிகா வந்து ஓராண்டுக்கு உட்பட்ட 163 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு நரம்பைக் குறிவைத்த ஊசியும் மறு குழுவுக்கு அறுவை சிகிச்சையும் கொடுத்தது. 18 வாரங்கள் கழித்து இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. கத்தியைப் பற்றி யோசிக்கும் நிலையில் இருப்பவர், முதலில் ஊசியைப் பார்க்கலாமே என்று கேட்க இது நல்ல ஆதாரம்.

முதுமையில் தண்டுவடக் குழாய் குறுகி, சற்று தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து உட்கார வைத்துவிடுமே, அந்த வலிக்கு ஊசியின் பலன் சந்தேகத்துக்குரியது. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 400 பேரிடம் சோதித்தார்கள். ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்ட ஊசிக்கும் ஆறாவது வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினருமே கொஞ்சம் தேறியிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துத்தான் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல், வெறும் முதுகுவலிக்கு முதுகெலும்பு ஊசி வேண்டாம், புதிதாக வந்த கடுமையான சயாட்டிகாவுக்கு எபிடூரலைப் பரிசீலிக்கலாம், குழாய் குறுகிய நடை வலிக்கு வேண்டாம் என்று வழிகாட்டியது. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு நிபுணர் குழுவின் பரிந்துரை இன்னும் கடுமையானது: மூன்று மாதத்தைத் தாண்டிய நாள்பட்ட முதுகு, நரம்பு வலிக்கு இந்த ஊசிகளே வேண்டாம் என்றது. வலி சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. என் சாய்வைக் கேட்டால், நைஸ் சொன்ன இடத்தில்தான் நிற்பேன். காலில் இறங்கும், தூங்கவிடாத, வந்து சில வாரங்களே ஆன வலிக்கு ஊசியில் நியாயம் இருக்கிறது. ஐந்து வருட இடுப்புப் பிடிப்புக்கு அதே ஊசியை நீட்டினால், எந்த நம்பிக்கையில் என்று டாக்டரைக் கேட்பேன்.

வேறு சில ஊசிகள்

முதுகெலும்புகள் பின்பக்கத்தில் ஒன்றோடொன்று சேரும் சிறு மூட்டுகளுக்கு ஃபேசெட் என்று பெயர். அங்கே தேய்மானத்தால் வரும் வலி, பின்னால் வளையும்போது கூடும். அந்த மூட்டுகளுக்குப் போகும் நுண்நரம்புகளில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டு, சில மணி நேரம் வலி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இது சோதனை ஊசி, வைத்தியம் அல்ல. இதைத் தெரியாமல், மறுநாளே வலி வந்துவிட்டது என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. சோதனையில் வலி நன்றாகக் குறைந்தவர்களுக்கு, அதே நரம்புகளை ரேடியோ அலையால் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வார்கள். பலன் கிடைத்தவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீடிக்கும். நரம்பு திரும்ப வளர்ந்ததும் வலியும் திரும்பலாம். இடுப்பு வளையத்தின் பின்மூட்டில் போடும் ஊசி இன்னொன்று. யாராவது தன் அனுபவத்தைச் சொன்னால், அது இவற்றில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

பக்க விளைவுகள்

அடிக்கடி வருபவை தொல்லைதான், ஆபத்தல்ல. முகம் சிவந்து சூடாவது, ஓரிரு இரவுகள் தூக்கம் வராமல் கொட்டக் கொட்ட விழித்திருப்பது, பெண்களுக்கு மாதவிடாய் நாள் தள்ளிப்போவது போன்றவை ஸ்டீராய்டின் குணங்கள். சர்க்கரை நோயாளிகள் மட்டும் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி போட்ட அன்று தொடங்கிச் சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரை அளவு திடீரென ஏறும். முதுகு டாக்டருக்கும் சர்க்கரை டாக்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர் நம் ஊர். ஊசித் தேதியைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லி, அந்த நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டு வைத்துக்கொள்வது நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

சில சமயம் ஊசி தவறி ட்யூரா உறையைத் துளைத்துவிடும். அப்போது நீர் கசிந்து ஒரு விசித்திரமான தலைவலி வரும்: உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் போய்விடும். ஓய்வில் அடங்காவிட்டால், கையிலிருந்து உங்கள் ரத்தத்தையே எடுத்து அதே எபிடூரல் இடுக்கில் செலுத்தி ஓட்டையை அடைக்கிறார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் நன்றாக வேலை செய்கிற வைத்தியம் அது.

அரிதான ஆபத்துகள் உண்மையிலேயே பெரியவை. 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., எபிடூரல் ஸ்டீராய்டால் மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கால் செயலிழப்பு, மரணம் நேர்ந்திருப்பதாக எச்சரித்தது. எபிடூரல் பயன்பாட்டுக்கென இந்த மருந்துகளுக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்பதையும் நினைவூட்டியது. சில ஸ்டீராய்டுகள் வெண்மையாகக் கலங்கலாக இருக்கும். அதில் நுண்துகள்கள் மிதக்கின்றன. தண்டுவடத்துக்கோ மூளைக்கோ போகும் தமனிக்குள் அவை புகுந்தால் ரத்த ஓட்டம் அடைபடும். கழுத்தில் இந்தத் தமனிகள் ஊசி போகும் பாதைக்கு மிக அருகில் இருக்கின்றன. அதனால் கழுத்து நரம்புத் துளைக்குத் துகள் இல்லாத டெக்சாமெத்தசோனையே பாதுகாப்பானதாகக் கருதுகிறார்கள். கழுத்து ஊசி என்றால், எந்த மருந்து, எந்த வழி என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2012-இல் அமெரிக்காவில் நடந்தது இன்னொரு வகை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு மருந்துக் கலவை நிறுவனம் தயாரித்த ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூஞ்சை இருந்தது. முதுகிலும் மூட்டிலும் அதைப் போட்டுக்கொண்டவர்களில், 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றார்கள், 64 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. தவறு ஊசி போட்ட கையில் இல்லை, குப்பியில் இருந்தது. ஒரே குப்பியைப் பலருக்குப் பிரித்துப் போடுவது, சி-ஆர்ம் இல்லாமல் தடவிப் பார்த்து மதிப்பாகக் குத்துவது போன்ற பழக்கங்கள் உள்ள இடத்தில் முதுகைக் காட்டாமல் இருப்பது நல்லது.

படுக்கும் முன் சொல்ல வேண்டியவற்றில் முதலிடம் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைக்கு. எபிடூரல் இடுக்கில் ரத்தம் கசிந்து கட்டினால் அது நரம்பையே நசுக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. இதய டாக்டர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஆறாத புண், கர்ப்பம், முன்பு ஸ்கேன் சாயத்தால் வந்த அலர்ஜி ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது.

அடுத்த ஊசி

முதல் ஊசியிலேயே “மூன்று போட வேண்டும், ஒன்றாகப் பணம் கட்டினால் சலுகை” என்று பேசினால் எழுந்து வந்துவிடலாம். மூன்று ஊசி ஒரு தொகுப்பு என்ற கணக்குக்கு ஆதாரம் கிடையாது. முதல் ஊசி நன்றாகக் கேட்டு, சில மாதம் கழித்து வலி திரும்பினால் இரண்டாவதற்கு அர்த்தம் உண்டு. முதலாவது துளியும் கேட்கவில்லை என்றால், அதே வழியில் அதே மருந்தைத் திரும்பப் போடுவதைவிட, வலி எங்கிருந்து வருகிறது என்று மறுபடி பார்ப்பதே முறை. ஸ்டீராய்டு உடல் முழுவதும் பரவி எலும்பைப் பலவீனமாக்கும், உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைத் தற்காலிகமாக மட்டுப்படுத்தும். ஆகவே வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போடுவதைப் பெரும்பாலான டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். மூட்டுக்கும் தோளுக்கும் வேறு டாக்டரிடம் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசிகளும் அதே கணக்கில் சேரும்.

சில அறிகுறிகள் வந்தால் ஊசியா, மாத்திரையா என்று யோசிக்கவே நேரம் இல்லை. சிறுநீர் வரும் உணர்வு தெரியாமல் போவது அல்லது சிறுநீர் கட்டிக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிக் கழிவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தேய நடப்பது ஆகியவை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். ஊசி போட்ட பிறகு காய்ச்சலும் குளிரும் முதுகில் ஏறிக்கொண்டே போகும் வலியும் வந்தால் தொற்றாக இருக்கலாம். மரத்துப்போகும் மருந்து ஓய வேண்டிய நேரம் கடந்தும் கால் பலமிழந்துகொண்டே போனால் ரத்தக் கட்டாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும், அது நள்ளிரவாக இருந்தாலும், எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும். நரம்பு எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தே அது திரும்புவதும் திரும்பாததும்.